காட்டுத்தீ நாளில் மாமா வீட்டை விட்டு வர மறுக்கிறார்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், காஸில்மெயின் நகருக்கு வெளியே எட்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய மரவீட்டை வாங்கிக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே எங்களுக்கு இது முதல் கோடை. வீட்டுக்கு வடமேற்கே காடு. நெடுஞ்சாலையை அடைய மரங்களின் நடுவே நான்கு கிலோமீட்டர் சரளைப் பாதை ஒன்றுதான் உண்டு. கணவர் பென்டிகோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறார். இருக்கும் ஒரே காரும் அவரோடு போய்விடும். வீட்டில் நான், 9 வயது மகள், 4 வயது மகன், 76 வயது மாமா, ஒரு நாய், ஐந்து ஆடுகள், பன்னிரண்டு கோழிகள். காட்டுத்தீ வந்தால் வெளியேறத் தயாராக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாமா மட்டும் வரமாட்டேன் என்கிறார். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர் அவர். திரும்பிப் போனபோது சுவர்கள்தான் நின்றனவாம். "இனி ஒரு வீட்டையும் விட்டு வரமாட்டேன். புகை தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். குழாயில் தண்ணீர் இருக்கிறது" என்கிறார். என்ன தயார் செய்வது? எப்போது புறப்படுவது? அவரை எப்படி அழைத்துப் போவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பை, மருந்து, ஆவணம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எளிது. எப்போது புறப்படுவது என்பதுதான் கடினம், ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீ அபாயம் மிகுந்த நாள் என்று கணிப்பு வந்தால், அதற்கு முந்தைய நாள் மாலையே புறப்படுங்கள். எங்கும் தீ எரியாது, வானம் தெளிவாக இருக்கும், இப்போது போவது வீண் வேலை என்று உங்களுக்கே தோன்றும். அப்போதே போய்விடுங்கள்.

பதினைந்து ஆண்டுகளாக விக்டோரியாவின் ஊர்ப்புற வீடுகளுக்குப் போய், காட்டுத்தீக் காலத்துக்குத் தயாராவது பற்றிப் பேசுவதே என் தொழில். புகை தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் மாமா மட்டுமா சொல்கிறார்? நான்கு தலைமுறையாக இதே மண்ணில் ஆடு மேய்ப்பவர்களும் சமையலறை மேசையில் என் எதிரே உட்கார்ந்து அதையே சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். காய்ந்த புல்லில் பற்றிய தீ, காற்று வலுத்தால், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பும் தீ பன்னிரண்டு நிமிடத்தில் உங்கள் வேலியைத் தொட்டுவிடலாம். மேட்டை நோக்கி ஏறும் தீ இன்னும் வேகம்; சரிவு 10 பாகை கூடினால் வேகம் இரட்டிப்பாகும். தீயின் முகப்பு வந்து சேரும் முன்பே கங்குகள் வந்துவிடும். எரியும் மரப்பட்டையைக் காற்று கிழித்து எடுத்து முன்னால் வீசும். 2009 பெருந்தீயில் முகப்புக்கு 30 கிலோமீட்டருக்கும் அப்பால் அப்படிப் புதிய தீக்கள் பற்றின.

இந்தக் கணக்கில் உங்கள் சரளைப் பாதையையும் சேர்த்துப் பாருங்கள். நடுப்பகலில் இரவைப் போல இருள் கவிந்துவிடும். விளக்கைப் போட்டாலும் காரின் முன்பக்கமே தெரியாது. ஒரு மரம் குறுக்கே விழுந்தால் பாதை முடிந்தது. காட்டுத்தீயில் மிகவும் ஆபத்தானது கடைசி நேரத்தில் ஓடுவது. வீட்டிலேயே இருந்துவிடுவதைவிடவும் அது கொடியதாக முடியலாம். ஆகவே உங்கள் கண் போக வேண்டியது வானிலை அறிவிப்பில். புகைக்காகக் காத்திருக்காதீர்கள்.

2022 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியா முழுவதற்கும் ஒரே தீ அபாயத் தரவரிசை நடப்பில் இருக்கிறது. சாலையோரத்தில் அரைவட்டப் பலகையில் அம்புக்குறியோடு பார்த்திருப்பீர்கள்: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், எல்லாவற்றிலும் கொடிய கேட்டஸ்ட்ரஃபிக். நான்கு நாட்களுக்கான கணிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். நாளை கேட்டஸ்ட்ரஃபிக் என்றால் இன்று மாலை வீடு காலியாக வேண்டும். இதில் பேச்சே இல்லை. நாளை எக்ஸ்ட்ரீம் என்றால், நன்றாகத் தயார் செய்த வீட்டில், திடமான உடல் உள்ள இருவர் சிலவேளை தங்கலாம். உங்கள் வீட்டில் குழந்தைகளும் முதியவரும் இருக்கிறார்கள், பாதை ஒன்று, கார் ஒன்று. நீங்கள் எக்ஸ்ட்ரீம் நாளிலும் இருக்கக் கூடாது. இந்த விதியை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அன்றைக்குக் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டால் பேச்சு முடியவே முடியாது.

காரைப் பற்றி நீங்கள் மிகவும் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அதில்தான் உங்களுக்கு வழியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கணவர் மாலையில் வேலைக்குக் கிளம்பும்போது எல்லோரும் அந்தக் காரிலேயே ஏறிக்கொள்ளுங்கள். முன்னால் அவரும் மாமாவும், பின்னால் நீங்களும் பிள்ளைகளும், பின்பெட்டியில் நாய். பென்டிகோ நகரின் நடுப்பகுதியில் தங்க ஒரு வீட்டை இப்போதே பேசி வையுங்கள். நண்பர் வீடோ விடுதியோ, எதுவானாலும் நாயையும் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். நகரின் நடுப்பகுதி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2009 பிப்ரவரி 7 அன்று தீ பென்டிகோவின் மேற்கு விளிம்புக்குள்ளேயே புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அவருக்கு அன்று பணி இல்லையென்றாலும் அதே நேரத்தில் அதே பயணம். காலையில் பணி முடிந்ததும் வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்று அவருக்குத் தோன்றும். வேண்டாம். தீ பற்றிய பின் காவல்துறை சாலைகளை மூடிவிடும். வெளியே போனவர் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவரை அழைத்துவரவும் முடியாது.

மறுநாள் எப்போது திரும்புவது என்பதற்கும் காற்றே பதில் சொல்லும். விக்டோரியாவின் கொடிய நாட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். காலையிலிருந்து வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அனல்காற்று வீசும். தீ தென்கிழக்கை நோக்கி ஒடுங்கிய, நீண்ட நாக்காக ஓடும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். உடல் குளிர்ந்ததும் ஆபத்து விலகியது என்று மனம் நம்பிவிடும். ஆனால் அந்த நொடியில்தான் நீண்ட நாக்கின் பக்கவாட்டு முழுவதும் புதிய முகப்பாகத் திரும்புகிறது. 1983 பிப்ரவரி 16 அன்று இங்கும் தென் ஆஸ்திரேலியாவிலும் 75 பேர் இறந்தார்கள். 2009 பிப்ரவரி 7 அன்று, மெல்பர்ன் 46.4 பாகையில் தகித்த சனிக்கிழமையில், கிங்லேக், மேரிஸ்வில் போன்ற ஊர்களில் 173 பேர் இறந்தார்கள். இரண்டு நாட்களிலும் அந்தக் காற்றுத் திரும்பல்தான் பேரழிவைப் பெருக்கியது. காற்று திரும்பி, உங்கள் பகுதிக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே திரும்புங்கள்.

எச்சரிக்கையில் மூன்று நிலைகள்: மஞ்சளில் அட்வைஸ், ஆரஞ்சில் வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பில் எமர்ஜென்சி வார்னிங். இவை படிப்படியாக வரும் என்று எண்ண வேண்டாம். முதல் செய்தியே சிவப்பாக இருக்கலாம். செய்தியே வராமலும் போகலாம். மாநிலத்தின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி கைபேசிச் செயலியில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்தைக் குறித்து வையுங்கள். பாட்டரியில் ஓடும் ஒரு வானொலியும் வாங்குங்கள், கைபேசிக் கோபுரமும் எரியக்கூடும். ஏபிசி உள்ளூர் வானொலி அவசரச் செய்திகளைத் தொடர்ந்து சொல்லும். விக்எமர்ஜென்சி தொலைபேசி எண் 1800 226 226. மாமா ஆங்கிலத்தில் தடுமாறுவார் என்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் பையில் வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000.

இனி மாமாவிடம் வருகிறேன்.

அவரைப் பிடிவாதக்காரர் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 1995 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. இரவு, மழை, ஒரே பாதை, லட்சக்கணக்கான மக்கள். என் உறவினர் சிலரும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்கள். வீட்டை விட்டு வெளியேறுவது என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவர் காதில் விழுவது அந்த இரவுதான். அதனால் அந்தச் சொல்லை அவரிடம் பயன்படுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை வெக்கை அதிகம், ஒரு பகல் பென்டிகோவில் இருந்துவிட்டு மறுநாள் வரலாம் என்று சொல்லுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முந்தைய நாளே விலகிவிடும் குடும்பங்கள் பெரும்பாலான முறை எதுவும் நடக்காத வீட்டுக்குத்தான் திரும்புகின்றன.

அவர் அனுபவத்தை மறுத்துப் பேசுவதைவிட அதையே துணைக்கு அழைப்பது நல்லது. ஊரெல்லாம் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வீட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அந்தப் பாலத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள். அன்று உங்களுக்கு ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் எப்போது கிளம்பியிருப்பீர்கள் என்று கேளுங்கள். அன்று அவர்களுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. இங்கே வானிலைக் கணிப்பு அதைக் கையில் கொடுக்கிறது. உங்கள் திட்டம் முழுவதும் அதை வீணாக்காமல் இருப்பதற்குத்தான்.

குழாய்த் தண்ணீர் பற்றியும் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தொட்டித் தண்ணீரை வீட்டுக்குத் தள்ளுவது மின்மோட்டார். தீ நாளில் முதலில் போவது மின்சாரம், அதோடு குழாயும் நின்றுவிடும். நின்று போராட வேண்டுமானால் பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பம்பு, தீயணைப்புக்கென்றே ஒதுக்கிய 10,000 லிட்டராவது தண்ணீர், குறைந்தது இரண்டு திடமான ஆட்கள், பல மணி நேரத் தெம்பு, எல்லாம் வேண்டும். அந்த அனலில் 76 வயது உடல் தாங்காது. தீ தொடும் முன்பே, அதன் வெப்பம் பட்டே மனிதர்கள் இறந்துவிடுகிறார்கள். தீயணைப்பு வண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வராது. இந்த மாநிலத்தில் சொந்த வீட்டில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றும் அதிகாரமும் பொதுவாகக் காவல்துறைக்கு இல்லை. ஆகையால் யாராவது வந்து கதவைத் தட்டி இழுத்துப் போவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவரை அழைத்துப் போக நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

வீட்டைக் காக்க ஆள் வேண்டும் என்பது அவர் மனதின் குரல். அதற்கு மதிப்புக் கொடுங்கள், ஆனால் அந்தக் காவல் வேலையை நவம்பரில் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது பெரிய தீச்சுவர் அல்ல, உள்ளங்கை அளவுக் கங்கு. கூரைப் பீலியில் தேங்கிய சருகு, வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி, சுவரோரம் அடுக்கிய விறகு, திண்ணையடியில் போட்ட பழைய அட்டைப்பெட்டி ஆகியவைதான் அதற்கு இடம் கொடுக்கின்றன. வீட்டைச் சுற்றிப் புல்லைப் 10 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டி வைக்க வேண்டும். கூரைக்கு மேல் தொங்கும் கிளைகளைக் கழிக்க வேண்டும். வெளியே இருக்கும் எரிவாயு உருளையின் வால்வு வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். தரையடி இடைவெளிக்கும் காற்றுத் துளைகளுக்கும் மெல்லிய உலோக வலை அடிக்க வேண்டும். பழைய மரவீட்டில் இது பெரிய வேலை. ஏணியில் ஏறுவது உங்கள் கணவராக இருக்கட்டும், கீழே நின்று மேற்பார்வை பார்ப்பது மாமாவாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை பீலியைப் பார்ப்பது அவர் பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுங்கள். வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் செய்துவிட்ட மனிதருக்குக் காரில் ஏறுவது கொஞ்சம் எளிதாகிறது. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பெட்டி விஷயம். ஆளுக்கொரு பை போதும், டிசம்பர் முதல் தேதியிலிருந்து அது கதவோரம் இருக்க வேண்டும். மாமாவின் மருந்துகள் ஒரு வாரத்துக்கும், மருத்துவர் சீட்டின் நகலும், மாற்றுக் கண்ணாடியும். கடவுச்சீட்டு, வீட்டுப் பத்திரம், காப்புறுதித் தாள், பிள்ளைகளின் பிறப்புச் சான்று. கொஞ்சம் ரொக்கம், மின்சாரம் இல்லாத ஊரில் அட்டை செல்லாது, பெட்ரோல் நிலையமும் இயங்காது. அதனால் கோடை முடியும் வரை கார்த் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. குடிநீர், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை. ஆளுக்கொரு கம்பளிப் போர்வை, செயற்கை நூல் கலக்காத சுத்தக் கம்பளி. அன்று எல்லோரும் பருத்தி உடுப்பு, முழுக்கை, நீளக் காற்சட்டை, மூடிய தோல் காலணி. நைலான் சேலையும் பாலியெஸ்டர் சல்வாரும் அனலில் உருகித் தோலில் ஒட்டும், அவற்றை அணிந்து புறப்படாதீர்கள்.

சாமிப்படம், குத்துவிளக்கு, மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த புகைப்படங்கள் போன்றவையும் வீட்டில் இருக்கும். அவற்றை அன்றைக்குத் தேடாதீர்கள். நவம்பர் முடிவதற்குள் பென்டிகோ வீட்டில் ஒரு பெட்டியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், மார்ச்சுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். படங்களைப் படமெடுத்து வெளியே உள்ள உறவினருக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு அறையையும் கைபேசியில் ஒரு சுற்று படமெடுத்து வைத்தால் காப்புறுதிக்கும் உதவும்.

ஆடுகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஐந்தையும் ஏற்றிப்போக இழுவண்டி உள்ள பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசுங்கள். முடியாவிட்டால், மேய்ந்து வெறும் மண்ணான ஒரு அடைப்பை இப்போதிருந்தே உருவாக்குங்கள். தாராளமாகத் தண்ணீர் வையுங்கள், வாளி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம். நைலான் கழுத்துக்கயிற்றைக் கழற்றிவிடுங்கள். உள்வேலிக் கதவுகள் திறந்திருக்கட்டும். சாலையைப் பார்த்த கதவு மட்டும் பூட்டியிருக்க வேண்டும். பரிதாபப்பட்டுச் சாலையில் அவிழ்த்துவிட்டால் ஆடும் சாகும், புகையில் வரும் வண்டிக்காரரும் சாவார். கோழிகளை அன்று காலையிலிருந்தே கூண்டைத் திறக்காமல் வைத்திருங்கள். கோடையில் எட்டரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், வெளியே விட்டால் நீங்கள் கிளம்பும் நேரத்தில் பிடிக்கவே முடியாது. காரில் இடமில்லையென்றால் ஆட்டை ஏற்றுபவரிடமே கோழிக் கூண்டையும் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டால், அதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அறிவிப்பு இல்லாத நாளிலும் தீ பற்றலாம். உங்களுக்கு அருகே உள்ள கடைசிப் புகலிடம் எது என்று நகரசபையிடம் கேட்டு வையுங்கள். ஒரு மைதானமாகவோ மண்டபமாகவோ இருக்கும். அங்கே உணவோ மருத்துவமோ உறுதியான பாதுகாப்போ கிடையாது. வேறு வழியற்றவர்களுக்கான இடம் அது. அங்கும் போக முடியாவிட்டால் வீடுதான். வெளியே திறக்கும் கதவுள்ள, தீயைப் பார்க்கக்கூடிய அறையில் எல்லோரும் சேர்ந்து இருங்கள். குளியலறைக்குள் ஒடுங்காதீர்கள், அதற்கு ஒரே கதவு. தண்ணீர்த் தொட்டிக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள், தண்ணீர் கொதித்துவிடும். முகப்பு கடந்து, உள்ளே இருக்க முடியாமல் போகும்போது, எரிந்து முடிந்த கரிய நிலத்துக்கு வெளியேறுங்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதை உங்கள் மகளைக் கொண்டே செய்யலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பட்டியலைப் படித்து டிக் போடும் வேலை மிகவும் பிடிக்கும்.

வரும் சனிக்கிழமை மாலை ஒரு ஒத்திகை வையுங்கள். முதல் முறை மின்சார முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சென்ற ஆண்டு நான் போன ஒரு வீட்டில், மின்சாரம் இல்லாமல் கார் கொட்டகைக் கதவைக் கையால் திறப்பது எப்படி என்று யாருக்குமே தெரியவில்லை; அதற்கே இருபது நிமிடம் போனது. பைகள், நாய், குழந்தை இருக்கை, மாமாவின் ஊன்றுகோல் என எல்லாவற்றையும் ஏற்றி, சரளைப் பாதையைக் கடந்து நெடுஞ்சாலை முனை வரை ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்தை மாமாவின் கையில் கொடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று அவரே எழுதி எனக்கு அனுப்பட்டும்.